நிலா முகம் திருப்பக் கூடாது

அவன் சீட்டைப் பிரித்தான். நிலா.

அவள் முன்னமே பிரித்திருந்தாள். பூமி.

குடியிருப்பின் ஆண்டு விழாவுக்குச் சூரியக் குடும்பம் போடுகிறோம். யார் எந்தக் கோள் என்று சீட்டுக் குலுக்கி எடுத்தோம். காலேஜில் இயற்பியல் பாடம் எடுக்கும் தாமரைச்செல்வியின் ஏற்பாடு. போன மாதம்தான் குடிவந்தாள். அவளுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எங்கள் சீட்டில் என்ன வந்தது என்று நாங்கள் பார்க்கவில்லை. அவர்கள் இருவரையும்தான் பார்த்தோம்.

புருஷன் பெண்டாட்டி. பேசி நாளாகிறது.

அவள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அவன் கை நனைக்காமல் எழுந்து வந்துவிட்டான். முதல் பந்தியில் மாப்பிள்ளையைக் கூப்பிடவில்லையாம்.

இன்று சாயங்காலம் அந்த அண்ணன் ஈரோட்டிலிருந்து கார் எடுத்து வருகிறார். தங்கையைக் கூட்டிக்கொண்டு போக. பெட்டி கட்டியாகிவிட்டது. திரும்பி வருவாளா என்று கேட்காதீர்கள். பெரிய பெட்டி.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவர்கள் ஹால் சுவரும் எங்கள் ஹால் சுவரும் ஒன்று.

"வெந்நீர் ஆறுது" என்று அவள் சுவரிடம் சொல்வாள்.

"குளிக்கறவங்க குளிச்சுக்குவாங்க" என்று அவனும் சுவரிடம் சொல்வான்.

பாதிச் சுவர் எங்களுடையது. காதில் விழத்தானே செய்யும்.

"எனக்கு நெப்டியூன் குடுத்துடுங்க" என்றான் அவன்.

நெப்டியூன் ரொம்பத் தள்ளி, கேட்டருகே நிற்க வேண்டும். வாட்ச்மேன் எப்படியும் அங்கேதான் நிற்பார் என்று அவருக்கே கொடுத்தாகிவிட்டது.

சூரியனுக்குச் சீட்டு போடவில்லை. சங்கத் தலைவர் வேலுச்சாமி. அவருக்கு வேறு எதையாவது கொடுத்துவிட்டு இங்கே குடியிருக்க முடியாது. நாற்காலி போட்டு நடுவில் உட்கார்ந்தார்.

எனக்கு வெள்ளி. பூமிக்குப் பக்கத்து வீடு.

பூமி சூரியனைச் சுற்ற வேண்டும். நிலா பூமியைச் சுற்றிக்கொண்டே கூடப் போக வேண்டும்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்கண்ணா" என்றாள் தாமரைச்செல்வி அவனிடம். "நிலா பூமிக்கு எப்பவும் ஒரே முகத்தைத்தான் காட்டும். நீங்க அவங்களைப் பார்த்துட்டேதான் சுத்தணும். திரும்பக் கூடாது."

மைதானத்தில் எல்லோரும் அவரவர் இடத்தில் போய் நின்றோம்.

விசில்.

அவள் சூரியனின் தொப்பையைப் பார்த்தபடி நடந்தாள்.

அவன் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து அவளைச் சுற்றினான். முகம் அவள் பக்கம். கண் மட்டும் அவள் தலைக்கு மேலே எங்கேயோ.

"கண்ணும்தாண்ணா."

கண் இறங்கியது.

வெள்ளி வேகமாகப் போக வேண்டுமாம். நான் மெதுவாகவே போனேன். முந்திவிட்டால் காது எட்டாது.

"பின்னால கல்லு இருக்கு."

அவள்தான் சொன்னாள். சுவரிடம் இல்லை. அங்கே சுவரே இல்லை.

"பார்த்தேன்" என்றான். எங்கே பார்த்தான். திரும்பக் கூடாதே.

இன்னும் அரைச் சுற்று.

"அன்னிக்கு இலையில என்ன போட்டாங்கன்னாவது தெரியுமா?"

"கேசரி வாசம் வந்துச்சு."

அவள் உதட்டைக் கடித்தாள். பிரயோசனமில்லை. சிரிப்பில் பூமி ஒரு பக்கமாகத் தள்ளாடியது.

"கரெக்ட்டுக்கா" என்றாள் தாமரைச்செல்வி. "நிலா இழுக்கறப்ப பூமியும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்."

கேட்டுக்கு வெளியே கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கி உள்ளே வந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"பெட்டி எங்கம்மா?"

அவள் நடையை நிறுத்தவில்லை.

"ரிகர்சல் நடக்குதுண்ணா. கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

வாட்ச்மேன் அவரைத் தனக்கும் அந்தப் பக்கம் நகர்த்தினார்.

தாமரைச்செல்வி முடிந்தது என்று விசில் ஊதினாள். புதனும் செவ்வாயும் செருப்பைத் தேடின. சூரியன் எழுந்து டீ குடிக்கப் போனார்.

பூமி காலி நாற்காலியைச் சுற்றிக்கொண்டிருந்தது. நிலா பூமியை. என்னமோ பேசிக்கொண்டார்கள். சத்தியமாக எனக்குக் கேட்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தேன். பொங்கினால் பொங்கட்டும் என்று நின்றேன்.

அண்ணன் அவர்களைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி அவர்களைப் பார்த்தார்.

அப்புறம் காருக்குப் போய் இன்ஜினை அணைத்துவிட்டு வந்தார்.