பதினொரு நிமிடம்

“பதினொரு நிமிஷம்” என்று கைப்பேசிக் கடிகாரத்தை நிறுத்தி நீட்டிக் காட்டினார் வீட்டுக்காரர்.

ஏசி மெக்கானிக் இருதயராஜ் சன்னல் வழியாக அப்போதுதான் உள்ளே இறங்கியிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏசியின் வெளிப்பெட்டி இருப்பது நான்காம் மாடி சன்ஷேடில். ஒன்றரை அடி அகலம். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

கெபாசிட்டர் மாற்றியாகிவிட்டது. அறை குளிரத் தொடங்கியது.

அவருக்குத்தான் வயிறு எரிந்தது.

பொருளுக்குக் கடை பில் இருந்தது. அதில் அவருக்குச் சண்டை இல்லை. கூலி எண்ணூறாம். பதினொரு நிமிடத்துக்கு எண்ணூறு! முப்பது வருடம் அலுவலக நாற்காலியைத் தேய்த்ததற்குத் தனக்கு நிமிடத்துக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். போடப் போட ஆத்திரம் தலைக்கேறியது. கோடை வந்தால் இவன்களுக்குக் கொழுப்பும் கூடவே வந்துவிடுகிறது.

இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை மேசையில் விட்டெறிந்தார்.

“இதுவே ஜாஸ்தி. எடுத்துட்டுக் கிளம்பு.”

இருதயராஜ் நோட்டுகளைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் மரியாதை மருந்துக்கும் இல்லை.

நோட்டுகளை எடுத்துக்கொண்டு மறுபடி சன்னல் ஏறி வெளியே போனான்.

மாட்டியதைக் கழற்றப் போகிறான் என்று அவர் கத்தத் தொடங்கினார்.

அவன் எதையும் கழற்றவில்லை. வெளிப்பெட்டியின் காலடியில் நோட்டுகளைச் செருகிவிட்டு உள்ளே வந்தான். பையைத் தோளில் மாட்டினான். மேசைமேல் கிடந்த கைப்பேசியில், அவர் நிறுத்தி வைத்திருந்த கடிகாரத்தை முதலிலிருந்து ஓடவிட்டான்.

“உங்க காசு அங்க இருக்கு சார். ரெண்டு எட்டுதான். போய் எடுத்துக்கங்க, எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாத்துடலாம்.”

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான்.

“திமிரு பிடிச்சவன்” என்றார் அவர், காலி அறையிடம்.

இருநூறு ரூபாயை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். வேட்டியை மடித்துக் கட்டினார். சன்னல் விளிம்பில் ஒரு முழங்காலை ஊன்றினார்.

கீழே வாட்ச்மேன் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

இரண்டு எட்டு தூரத்தில் நோட்டுகள் படபடத்தன.

ஒரு கையை நீட்டிப் பார்த்தார். இழுத்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டியது.

அறையின் குளிரெல்லாம் திறந்த சன்னல் வழியே வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

முழங்கால் இன்னும் விளிம்பில்தான் இருந்தது.

மேசைமேல் பன்னிரண்டாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.