பின் சீட்டுத் தூக்கம்

"எழுபத்து மூணு வயசுல உனக்கு எதுக்கும்மா லைசென்ஸ்?"

"இருந்துட்டுப் போகட்டுமே. சோறு கேட்குதா, தண்ணி கேட்குதா?"

அம்மா நீட்டிய புதுப்பிப்புப் படிவத்தை அவன் கையில் வாங்கவே இல்லை. வெள்ளிக்கிழமையோடு லைசென்ஸ் காலாவதி. அவன் நிரப்பிக் கொடுத்து, கூட்டிக்கொண்டும் போனால்தான் காரியம் நடக்கும். அந்தத் தைரியத்தில் பிகு பண்ணிக்கொண்டிருந்தான்.

"மூணு வருஷமா நீ வண்டியே எடுக்கலை. முழங்கால் வேற மக்கர். பிரேக்கை மிதிக்கிற நேரத்துல கால் வரலைன்னா?"

"காலைக் கூப்பிட்டா வரும். உன்னைத்தான் நாலு தடவை கூப்பிடணும்."

அவன் இன்சூரன்ஸ் சர்வேயர். இடிபட்ட கார்களைச் சுற்றிச் சுற்றி வந்து, தப்பு யார் பேரில் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. தினம் நாலு நசுங்கின காரைப் பார்க்கிறவனுக்கு, ஸ்டியரிங்கைத் தொடுகிற எல்லோருமே நாளைக்கு நசுங்கப் போகிறவர்களாகத்தான் தெரிவார்கள். போன வருஷம் மனைவி கார் கற்றுக்கொள்கிறேன் என்றபோது கூட, "உனக்கு சைக்கிளே நேரா போகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

இப்போது துணைக்கு அவளைப் பார்த்தான். அவள் டம்ளர் கழுவுவதில் மும்முரமாக இருந்தாள். மாமியார் விஷயத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்ற ஜாக்கிரதை போலிருக்கிறது.

காரை அவன் ஞாயிற்றுக்கிழமைதான் எடுப்பான். மற்ற நாளெல்லாம் பைக். அன்று சாயங்காலம் ஏதோ காகிதம் தேடிக் காரில் ஏறினவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சீட் ஒரு சாண் முன்னால் நகர்ந்திருந்தது. நடுக் கண்ணாடி கீழே பார்த்துக் குனிந்திருந்தது. மீட்டரில், அவன் ஓட்டாத முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

ஓட்டினவர் உயரம் கம்மி. எடுத்த நேரம், தான் எழுந்திருப்பதற்கு முன்னால்; பகலில் எடுத்திருந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். அறிக்கை மனசுக்குள்ளேயே எழுதி முடிந்துவிட்டது: அம்மா.

போன மாசம் ஒரு காரில், பிரேக்குக்கு அடியில் சிக்கியிருந்த ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது. அம்மா போடுகிற மாதிரிச் செருப்பு.

கையும் களவுமாகப் பிடித்தால்தான் வழிக்கு வருவாள்.

மறுநாள் விடியற்காலை, "வெளியூர்ல ஒரு வண்டி பார்க்கணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். தெருமுனை வரைக்கும் போய்விட்டு, பூனை மாதிரித் திரும்பி வந்து, காரின் பின் சீட்டில் படுத்துக்கொண்டான். காரை மூடுகிற பழைய துணியைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டான்.

பிடிக்க வந்தவன் தூங்கிப் போனான்.

தூக்கத்தில் அவனுக்கு ஆறு வயசு. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை டியூட்டிக்குப் போகும்போது வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அவனைப் போர்வையோடு அள்ளிப் பின் சீட்டில் போட்டுக்கொண்டு போவாள். படுத்தபடி பார்த்தால் ஜன்னலில் மரக்கிளைகள் மட்டும் ஓடும். விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எங்கே போகிறோம் என்று கேட்கத் தோன்றாது. அம்மா ஓட்டுகிறாள், அது போதும்.

கண் விழித்தபோதும் ஜன்னலில் கிளைகள் ஓடிக்கொண்டிருந்தன. முகத்துத் துணி நழுவியிருந்தது. வெளியே பனி. விழித்துவிட்டோமா, இன்னும் கனவுதானா என்று பிடிபடவில்லை. ஸ்டியரிங் பிடித்த ஆளின் சீட் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

கார் அசங்காமல் போனது. கியர் மாறியதே தெரியவில்லை. வளைவில் அவன் உடம்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயவில்லை. வேகத்தடை வந்தபோது, தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிற மாதிரி மெதுவாக ஏறி இறங்கியது.

இருபது வருஷ சர்வேயருக்கு ஓட்டுகிற கை தெரியாதா? இது தடுமாறுகிற கை இல்லை. இந்தக் கையிலிருந்தா லைசென்ஸைப் பிடுங்கப் பார்த்தோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கே படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கண்கூடக் கலங்கிவிட்டது.

"அம்மா" என்றான், படுத்தபடியே. "நீ பிரமாதமா ஓட்டறேம்மா."

கார் இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, பதறாமல் நின்றது.

எழுந்து உட்கார்ந்தான்.

அம்மா பக்கத்து சீட்டில் இருந்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு, லைசென்ஸ் அட்டையைக் கையில் பிடித்தபடி அரைத் தூக்கம். ஸ்டியரிங்கில் அவன் மனைவி. பின் கண்ணாடியில், செல்லோ டேப்பில் ஒட்டின சிவப்பு 'எல்' அட்டை.

அவன் துணியைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

"கத்துக்கறவங்க பக்கத்துல லைசென்ஸ் இருக்கற ஆள் ஒருத்தர் உட்காரணுமாம்ங்க" என்றாள் மனைவி, ரோட்டைப் பார்த்தபடியே. "நீங்க உட்கார மாட்டீங்கன்னுதான் அத்தையைக் கேட்டேன்."

அம்மா ஒரு கொட்டாவி விட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"அடுத்த மாசம் அவளுக்கு டெஸ்ட். அவ பாஸ் பண்ற அன்னிக்கே என்னோடதை நீயே வெட்டிப் போட்டுடு. காலைக் கூப்பிட்டா வர்றதில்லைன்னு எனக்குத் தெரிஞ்சே மூணு வருஷம் ஆச்சுடா."