தூசி படுத்த இடம்

கல் குவாரிப் பாதையில் தண்ணீர் லாரி வருவதைப் பார்த்ததும் தூசிக்கு ஒரே சந்தோஷம்.

"அண்ணே, இன்னிக்கு ஆபீசர் வர்றாரா?"

"ஆமா தம்பி. அதான் தெளிக்கச் சொன்னாங்க. படுத்துத் தூங்கு."

ஈரம் பட்டதும் தூசிக்குக் கண் சொக்கியது. கனவில் அது மறுபடி மலையாக இருந்தது; அதன் மடியில் ஒரு மேகம் படுத்திருந்தது.

ஜீப்பில் வந்த ஆபீசர், "காத்து சுத்தமா இருக்கே" என்று மெச்சிவிட்டுப் போனார்.

வெயிலில் காய்ந்து தூசி விழித்தபோது, லாரி ஷெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. "அண்ணே, இன்னும் கொஞ்சம் தண்ணி..."

"இனி அடுத்த ஆபீசர் வரும்போதுதான், தம்பி."

தூக்கம் கலையாத தூசி, ஈரம் தேடி ஊருக்குள் மிதந்து போனது. ஒரு வீட்டுத் தொட்டிலில் குழந்தை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் மூச்சு ஈரமாக இருந்தது.

தூசி மெல்ல உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.