பிழைக்கு வருந்துகிறோம்

"போட்டுடறேங்க ஐயா. முதல் பக்கத்துலயே போட்டுடறேங்க. எழுதினவங்க பேரோடயே போட்டுடறேங்க."

ஆசிரியர் எழுந்து நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். போனுக்கு எதற்கய்யா எழுந்து நிற்கணும்? எதிரே இருந்த நிருபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேம்பாலம் இடிந்து பதினோரு பேர் செத்தார்கள் என்று எழுதியவள் அவள்தான். மூன்றே பேர் என்கிறது அரசாங்கம். இதே செய்தியை எழுதிய வேறொரு பத்திரிகைக்காரர் நேற்றிலிருந்து உள்ளே இருக்கிறார்.

"என்ன சார் சொல்றாங்க?"

"எண்ணிக்கை தப்பாம். நாளைக்கே வருத்தம் தெரிவிக்கணுமாம். எழுதினது யாருன்னும் சொல்லணுமாம்."

"நீங்களும் சரின்னு தலையாட்டிட்டீங்க."

"பின்னே? என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"என்னைக் காட்டிக் கொடுங்க, போய்த் தொலையறேன். செத்தவங்களை இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க சார்."

அவர் கையை நீட்டினார்.

"உன் நோட்டைக் கொடு."

"அது எதுக்கு? 'எங்க ஆளு பேரைப் போடுங்க'ன்னு ஒவ்வொரு வீட்டுலயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. இன்னிக்குக் காலைல வரைக்கும் அலைஞ்சு சேர்த்தது சார்."

"கொடும்மா."

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ச்சே! இந்த மனுஷனிடமா ஆறு வருஷம் வேலை பார்த்தோம்? அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. ஒரு தாளை எடுத்து ராஜினாமாவை இரண்டே வரியில் எழுதி முடித்தாள்.

மாலை ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. நாளைய முதல் பக்கத்தையும் அவளுடைய நோட்டையும் கொண்டுவந்து அவள் மேஜையில் போட்டார் ஆசிரியர்.

"நீயே புரூஃப் பாரு."

என்ன நெஞ்சழுத்தம்! வெட்டுவதும் இவர், கத்தியைத் தீட்டித் தரச் சொல்வதும் இவரா? பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

'வருந்துகிறோம். மேம்பாலம் இடிந்து இறந்தவர்கள் பதினோரு பேர் என்று எழுதியிருந்தோம். அது பிழை. இறந்தவர்கள் பத்தொன்பது பேர். பெயரும் வயதும் கீழே.'

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்தொன்பது பெயரையும் நோட்டோடு ஒப்பிட்டுப் படித்தாள். ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. கடைசி வரிக்கு வந்தவள் சட்டென்று எழுந்தாள்.

"சார், ஒரு பிழை இருக்கு. எழுதினது நான். 'செய்தியை எழுதியவர்'னு உங்க பேர் இருக்கே?"

மாற்றுச் சட்டை இரண்டையும் பிரஷர் மாத்திரையையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார் அவர். திரும்பாமலே சொன்னார்:

"அந்த ஒரு பிழைக்கு மட்டும் நான் வருந்தறதா இல்லை. அச்சுக்கு அனுப்பு."