ஆறு நொடி

கம்ப்யூட்டர் திரையில் குணசுந்தரி ஒரு சிவப்புக் கட்டம்.

கும்மிடிப்பூண்டியில் பம்பு செய்யும் அந்த ஆலையின் அசெம்ப்ளி லைன் முழுவதையும் இன்ஜினியர் ஸ்நேகா திரையில் வரைந்திருந்தாள். ஆளுக்கொரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு பம்புக்கு அவர் எடுக்கும் நொடிகள். எல்லோருக்கும் நாற்பதுக்குள். குணசுந்தரிக்கு மட்டும் நாற்பத்தாறு. பம்புகள் அவளிடம் வந்து தேங்கின.

"ஆளை மாத்திடு," என்றார் மேனேஜர்.

காண்ட்ராக்ட் ஆளை மாற்றுவது என்றால் நாளை முதல் அந்த ஆளுக்கு வேலையில்லை.

எதற்கும் நேரில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று டேப்லெட்டும் ஸ்டாப்வாட்சுமாக ஸ்நேகா லைனுக்கு வந்தாள்.

குணசுந்தரி கடைசி போல்ட்டை முறுக்கியபோது சரியாக நாற்பது நொடி. அதோடு அவள் விட்டுவிடவில்லை. பம்பை இரண்டு கையாலும் தூக்கி, தன் மேசையைவிட ஒரு சாண் உயரமாயிருந்த பக்கத்து மேசையில் வைத்தாள்.

அப்படித் தூக்கிக்கொள்வது பக்கத்து மேசை ஜெனிபரின் வேலை.

ஸ்நேகா ஆறு பம்பு பார்த்தாள். ஆறு முறையும் குணசுந்தரிதான் தூக்கினாள்.

"ஏன்க்கா அவங்க வேலைய நீங்க செய்றீங்க?"

குணசுந்தரி கையை நிறுத்தாமல் குரலைத் தாழ்த்தினாள்.

"முழுகாம கீதும்மா. ஏற்கெனவே ரெண்டு தபா கலைஞ்சுபோச்சு. இந்த தபா யார்கிட்டயும் வாயத் தொறக்கல, எங்கிட்டகூட. டீ வண்டி வந்தா மூஞ்சத் திருப்பிக்கினு போவுது, அதுல தெரிஞ்சுக்கினேன். கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர்ல போட்டுடாத."

ஸ்நேகா ஸ்டாப்வாட்சை நிறுத்தினாள். பிறகு காரணம் என்ற இடத்தில் தட்டினாள்: மேசை உயரம் குறைவு. ஒரு சாண் உயர்த்தினால் பம்பைத் தள்ளிவிட்டாலே போதும். ஆளை மாற்ற வேண்டாம்.

பொய் ஒன்றுமில்லை. நாற்பத்தாறை நாற்பதாக்கிப் பார்த்தாள். கட்டம் பச்சையானது. மேனேஜருக்கு அனுப்பினாள். 'சரி' என்று பதில் வந்தது.

"சனிக்கிழமை உங்க மேசைய உயர்த்திடுவாங்கக்கா. அப்புறம் யாருமே தூக்க வேணாம்."

குணசுந்தரி தலையாட்டினாள். மேசைக்கு அடியில் கிடந்த ஸ்டூலைக் காலால் ஸ்நேகா பக்கம் தள்ளினாள்.

"நீயும் ஒக்காரும்மா. நாலு நாளா டீ வண்டியப் பாத்தா நீயும்தான் ஆபீஸுக்குள்ள ஓடிடுற."

ஸ்நேகா மெல்ல உட்கார்ந்தாள்.

கணவனிடம்கூட அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.