பின்பக்கமும் கேட்கும்

“ஊதிப் பாக்காதேங்கோ ரஞ்சனி. ஒரு ஊது காணும், உள்ளுக்கை இருக்கிற ரிப்பன் இழுபட்டுப்போம்.”

மைக்கின் முன் குனிந்த மரியரஞ்சனி சட்டென்று பின்வாங்கினாள். ஒலிப்பதிவைக் கவனிக்கும் றெஜினோல்ட் கறுப்புத் துணி உறையை மெல்லக் கழற்றி மடித்து வைத்தார். ஒஸ்லோவில் மூடப்பட்ட ஒரு பழைய ஒலிப்பதிவுக்கூடத்திலிருந்து அவர் வாங்கி வந்த ரிப்பன் மைக் அது. உள்ளே காந்தங்களுக்கு நடுவில், சிகரெட் சுற்றும் தாளைவிட மெல்லிய ஓர் அலுமினிய நாடா. தூக்கிக்கொண்டு நடக்கும்போது உறை போட வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. அறைக் கதவை அடித்துச் சாத்தினால் அந்தக் காற்றே போதும், நாடாவைக் கெடுத்துவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு சாண் தள்ளி, சற்றுச் சரிவாக நின்று வாசிக்கச் சொன்னார்.

“இது முன்னுக்கும் கேக்கும், பின்னுக்கும் கேக்கும். அதுதான் பின்சுவரிலை கம்பளி தொங்க விட்டிருக்கிறன்.”

ஒஸ்லோவின் புருசெத்தில் ஓர் அடுக்குமாடியின் நிலவறையில் இருந்தது அந்த அறை. தமிழ் வானொலி நிகழ்ச்சியை ஞாயிறு மதியங்களில் அங்கேதான் பதிவு செய்வார்கள். அது 2009 ஜூன். வன்னியில் போர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எவருக்கும் தெரியாத நாட்கள். நோர்வேயின் எல்லா ஊர்களிலிருந்தும் உறவுகள் தொலைபேசியில் பெயர்களைச் சொல்வார்கள். யாராவது கண்டிருந்தால் அறிவிக்கட்டும் என்று ரஞ்சனி அவற்றை வாசிப்பாள்.

அவளுடைய தம்பி யூட்டும் வன்னியில்தான் இருந்தான். அவன் பெயரை மட்டும் அவள் ஒருநாளும் வாசித்ததில்லை. வாசித்தால் அவன் தொலைந்துபோனது உண்மையாகிவிடும் என்று பயந்தாள்.

“யோகலிங்கம், கிளிநொச்சி,” என்று தொடங்கினாள். “ராசமலர், விசுவமடு.” இன்னும் இரண்டு பெயர்கள் போனதும் றெஜினோல்ட் கையை உயர்த்தினார். காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். அவள் ஒருத்திதான் இருந்தாள்.

பதிவானதைப் போட்டுக் காட்டினார். யோகலிங்கம் என்று ரஞ்சனியின் குரல் சொன்னது. சற்றுப் பொறுத்து, தூரத்திலிருந்து, ஒரு வயதானவர் “ஓம்” என்றார். ராசமலருக்கு ஒரு பெண் “ஓம்” என்றாள். பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடும்போது சொல்வதுபோல ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு குரல்.

றெஜினோல்ட் வெளியே போய்ப் பார்த்தார். நடைவழி வெறுமையாகக் கிடந்தது. நல்ல வெயில் என்று மாடியில் இருப்பவர்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வெளியே போயிருந்தார்கள். வழக்கமான மைக்கை வைத்து அதே பெயர்களை வாசிக்கச் சொன்னார். முன்பக்கம் மட்டுமே கேட்கும் மைக் அது. அதில் ரஞ்சனியின் குரலைத் தவிர வேறெதுவும் இல்லை. ரிப்பன் மைக்கைத் திரும்ப வைத்தார். “ஓம்” திரும்ப வந்தது.

கம்பளியை விலக்கிச் சுவரில் காதை வைத்தார். அந்தச் சுவருக்கு அப்பால் அறை கிடையாது, மண்தான்.

அவர் உறையை எடுத்து மைக்கை மூடப்போனார். ரஞ்சனி அவர் கையைப் பிடித்தாள்.

“மூடாதேங்கோ அண்ணை. அவை பதில் சொல்லினம். எங்கையோ இருக்கினம்.”

“எனக்கு இது நல்லதாப் படேல்லை, ரஞ்சனி.”

“நான் தம்பியைக் கூப்பிடப்போறன்.”

அவள் ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். “யூட் ஜெயசீலன், முள்ளியவளை,” என்றாள்.

எதுவும் கேட்கவில்லை. பிறகு, “ஓம்” என்று வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் எழும்ப மனமில்லாமல் இழுப்பானே, அதே இழுவை. அவனேதான்.

ரஞ்சனி அழுதாள், சிரித்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தாள். றெஜினோல்ட் அவளுக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனார். பதிவு ஓடிக்கொண்டேயிருந்தது. மிச்சப் பெயர்களை அவள் ஒரே மூச்சில், கலியாணத்துக்கு அழைப்பதுபோல வாசித்து முடித்தாள். அவற்றுக்கு என்ன பதில் வந்ததென்று கேட்க யாரும் காதில் எதையும் மாட்டியிருக்கவில்லை.

அவர் தண்ணீரோடு வந்தபோது தொலைபேசி அடித்தது. ஸ்தவாங்கரிலிருந்து யோகராணி. தன் தங்கை செல்வமலரைத் தேடித் தரும்படி அந்த வாரம்தான் பெயர் கொடுத்திருந்தாள். அவளுக்குப் பேச்சு தடுமாறியது. செல்வமலர் உயிரோடு இருக்கிறாளாம். வவுனியா முகாமிலிருந்து இப்போதுதான் அவளே கதைத்தாளாம்.

“பாத்தியளோ அண்ணை,” என்றாள் ரஞ்சனி. “நான் சொன்னனான்தானே.”

யோகராணியை லைனில் நிற்கச் சொன்னாள். தங்கையின் குரலை இங்கேயும் கேட்கலாம் என்று சொல்லி, ரிசீவரை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்தாள். றெஜினோல்ட் பதிவைப் பின்னுக்குத் தள்ளி ஓடவிட்டார்.

“செல்வமலர், மல்லாவி,” என்றது ரஞ்சனியின் குரல்.

பதில் இல்லை. றெஜினோல்ட் சத்தத்தைக் கூட்டினார். மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டது. அடுத்த பெயருக்கு “ஓம்” வந்தது. அதற்கடுத்த பெயருக்கும் வந்தது. கடைசிப் பெயர்வரை எல்லோரும் பதில் சொன்னார்கள். சொல்லாதவள், உயிரோடு இருந்த செல்வமலர் ஒருத்திதான்.