எனக்கும் கேட்டியா?

எந்த நாட்டில் உட்கார்ந்தும் செய்யக்கூடிய கணினி வேலை மங்கையர்க்கரசிக்கு. கடல் தாண்டிப் போய், அங்கே குடியிருந்தபடி அதைச் செய்ய விசாவுக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணலில் அதிகாரி, "உங்களை நம்பி இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். "யாரும் இல்லைங்க" என்றாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அதுவே அவளுக்குத் திகிலாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் போனபின் தம்பி பரஞ்சோதிக்கு அவள்தான் எல்லாம். ஆள் வளர்ந்துவிட்டான், ஆனால் சட்டைப் பித்தான்கூட அக்காதான் போட்டுவிட வேண்டும். அவள் வெளியே வந்தபோது அவன் ஸ்கூட்டர் பக்கத்தில் அலுவலகக் காவலாளியோடு பேசிக்கொண்டு நின்றான்.

"அக்கா, எனக்கும் கேட்டியா?"

"கேட்டேன்டா."

"என்ன சொன்னாங்க?"

"பாத்துச் சொல்றோம்னாங்க."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணே, அக்காவுக்குத் தனியா இருக்கப் பயம். அதான் நானும் கூடப் போறேன்."

காவலாளி சிரித்தபடி அவளைப் பார்த்தார். அவள் குனிந்து கைப்பையில் சாவியைத் தேடினாள். சாவி கையில்தான் இருந்தது. பரஞ்சோதி பின்னால் ஏறி உட்கார்ந்தான். "கெட்டியாப் பிடிச்சுக்கோடா" என்று எப்போதும் சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவாள். அன்று அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.